கிருஷிகனுக்காக நாங்கள் கொடுத்தது

எனக்கு உதைபந்தாட்டம் பிடிக்காது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், எம்மா. வளர்ந்த ஆண்கள் ஒரு பந்துக்காகச் சேற்றில் புரள்வதையும், அதைப் பார்க்க அவர்களைவிட வளர்ந்த ஆண்கள் குடையோடு நின்று நனைவதையும் நான் ஒருநாளும் விளங்கிக்கொண்டதில்லை. ஆனால் ஒஸ்லோவில் ஒரு தமிழ் விளையாட்டுக் கழகத்தின் தலைவரைக் கட்டியவளிடம் யாரும் பிடிக்குமா என்று கேட்பதில்லை. கையில் அகப்பையைக் கொடுத்து, பானையில் உப்புக் காணுமா என்று பார்க்கச் சொல்வார்கள்.

நீங்கள் காவல்துறை அதிகாரி, உங்கள் நேரம் பெறுமதியானது. ஆனால் "சத்தியபாமா, நடந்ததைச் சொல்லுங்கள்" என்று நீங்கள்தான் என்னைக் கேட்டீர்கள். எனக்கு நொர்வீஜிய மொழி நன்றாக வரும். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். உங்கள் நாட்டுக் கிழவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளோடு பேசியதைவிட என்னோடு அதிகம் பேசியிருக்கிறார்கள். இருந்தும் மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. இது முழுக்க முழுக்கத் தமிழில் நடந்த விடயம். உங்கள் மொழியில் சொன்னால் ஏதோ குற்றம் போலக் கேட்கும்.

ரொம்மன் முதல் லில்லெஸ்ட்ரோம் வரை, தமிழர் குடியிருக்கும் வீடுகளில் இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒரே கேள்விதான். என் கணவர் இரவீந்திரன், கிருஷிகன் என்ற ஆட்டக்காரனுக்காகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டாரா? கலியாண வீட்டில் இதைத்தான் கதைத்தார்கள். செத்த வீட்டிலும் இதைத்தான் கதைத்தார்கள். ஒரு மரியாதைக்குக் குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்கள்.

எங்கள் கழகங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீரன் ஒரு கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போனால், அவனை இழந்த கழகம் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பதிலுக்குக் காசு வாங்குவதில்லை. காசு வாங்கினால் பிள்ளையை விற்றது போலாகிவிடுமாம். அதனால் பிள்ளைக்குப் பிள்ளையாக மாற்றிக்கொள்வார்கள். அது விற்றது போல இல்லையாம். ஆளுக்கு ஆள் சரிவராவிட்டால் மேலே ஏதாவது வைப்பார்கள். விளையாட்டு விழாவுக்குச் சமைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொள்வார்கள். மிகவும் முடை என்றால் உள்ளரங்கில் தங்களுக்குக் கிடைத்த நேரத்தைக் கொடுப்பார்கள். இந்த நகரத்தில் மாரிகாலத்தில் உள்ளரங்கில் ஒரு ஞாயிறு மாலை கிடைப்பதைவிட நல்ல வீடு கிடைப்பது சுலபம் என்று உங்களுக்கே தெரியும்.

லில்லெஸ்ட்ரோம் கழகத்துக்கு எங்கள் ரொம்மன் கழகம் கொடுத்தது இது. எங்கள் கோல் காப்பாளர் லதீசன். எங்கள் நடுக்கள வீரன் ரிசாந். எங்கள் ஞாயிறு மாலை மண்டப நேரம். வாங்கியது இது: கோடை முழுவதும் ஒரேயொரு கோல் போட்ட முன்கள வீரன். அந்தக் கோலும் அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் முதுகில் பட்டுத் தானாகப் போனது.

அவன் எப்போதும் அப்படி இருந்தவன் இல்லை. எனக்கே தெரியும், எனக்கு ஆட்டம் பிடிக்காது. அதற்கு முந்திய வருடம் அவன் பந்தை வாங்குகிற விதத்தைப் பார்க்கவே லில்லெஸ்ட்ரோமிலிருந்து கிழவிகள் ரயிலேறி வந்தார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து, எவ்வளவு வேகமாக வந்தாலும், அவன் காலுக்கு வந்ததும் பந்து களைத்துப்போய் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரிப் படுத்துவிடும். பிறகு ஒரு கோடையில் எல்லாம் போயிற்று. பந்து அவன் முழங்காலில் பட்டது, தோளில் பட்டது, சில நேரம் அவன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்தால் போயிற்று. "டேய் கிருஷி, நித்திரையோடா?" என்று ஓரத்தில் நின்ற ஒருவர் கத்தினார். அந்தக் கூட்டத்தில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

மாற்று முடிந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கழகத்தில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், முத்துசாமி. கணினி நிறுவனத்தில் வேலை. அவர் கோடுகளும் புள்ளிகளும் போட்ட படம் ஒன்றைச் சுவரில் காட்டி விளக்கினார்.

"தலைவரே, கோபப்படாதீங்க. நம்பர் பொய் சொல்லாது. இந்த ட்ரேட்ல நாம கொடுத்ததுல கால்வாசிகூடத் திரும்பி வரல."

"உங்கட நம்பர் பந்து அடிக்குமோ, தம்பி?" என்று என் கணவர் கேட்டார்.

"நம்ம ஆளும்தான் அடிக்க மாட்டேங்கறாரு, தலைவரே."

எல்லோரும் சிரித்தார்கள். இரவீந்திரனும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

பெண்கள் இன்னும் நாகரிகமானவர்கள். அவர்கள் அனுதாபத்தோடு கேட்பார்கள். "என்னக்கா, உங்கட மனுசன் தேரைக் குடுத்து வண்டில் வாங்கிப்போட்டாராம்? வண்டிலுக்குச் சில்லும் இல்லையாம்?" என்றாள் பூமணி. சமையல் டுக்னாட்டில், அதுதான் உங்கள் சம்பளமில்லாப் பொதுவேலையில், எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டுகிறவள். அவள் கண்ணில் கண்ணீர் வேறு. வெங்காயம்தான்.

லதீசன் போன பிறகு எங்கள் கோலுக்குள் கழகப் பொருளாளர் நிற்கத் தொடங்கினார். மிக நேர்மையான மனிதர். கணக்கில் ஒன்றையும் விடமாட்டார், கோலில் ஒன்றையும் பிடிக்கமாட்டார். மண்டபமும் போய்விட்டதால் எங்கள் பிள்ளைகள் பனிக்குள் பயிற்சி எடுத்தார்கள். பந்து வெள்ளையாக இருந்ததால் அதைத் தேடுவதும் பயிற்சியில் சேர்ந்தது. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் இரவீந்திரனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்குவது என்று முடிவாகியிருந்தது.

ஆனால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அந்த மாற்றைச் செய்தது நான்.

கோடை முடிகிற நேரம், கழக அறையில் பேரம் நடந்தது. நான் ரோல்ஸ் தட்டோடு உள்ளே போனபோது லில்லெஸ்ட்ரோம் தலைவர் கையை விரித்துக்கொண்டிருந்தார். "ரிசாந் மட்டும் காணாது, அண்ணை. கிருஷி இண்டைக்கு ஃபோமில இல்லை எண்டாலும் நாளைக்கு வந்திடுவான்." என் கணவர் எழும்பப் பார்த்தார். நான் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டேன்.

"லதீசனையும் குடுங்கோ," என்றேன்.

"உமக்கென்ன விசரோ?"

"ஹாலையும் குடுங்கோ. குடுத்துப்போட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தப் பிள்ளை எங்களிட்டை வந்தால் எழும்பும். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் அவர் மறுத்துக் கதைப்பதில்லை. அது எங்கள் தாம்பத்தியத்தின் அழகு.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு நான் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அபிஷா எங்களுக்கு ஒரே பிள்ளை. மழலையர் பள்ளியில் ஆசிரியை. அவள் சிரித்தால் எங்கள் வீட்டில் விளக்குப் போடத் தேவையில்லை. அவளுக்கு ரிசாந்தைப் பிடித்திருந்தது. ரிசாந் நல்ல பையன், அவனிடம் குறை ஒன்றும் இல்லை, இரண்டைத் தவிர. முதலாவது, அவனுக்கு ஒரு தாய் இருக்கிறார். அது அவன் செய்த பிழை இல்லை. ஆனால் நான் அந்த மனுசியோடு ஒரே குசினியில் நின்றிருக்கிறேன், என் பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன். இரண்டாவது, அவனுக்குத் துரொம்சோவில் வேலை கிடைக்கப்போகிறது என்ற கதை. மாரியில் சூரியனே எட்டிப் பார்க்காத ஊர். சூரியனுக்கே வேண்டாம் என்று போன இடத்துக்கு என் மகளைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தான். கழக வேலை என்று சொல்லி நாள்தோறும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனான். அவன் வேறு கழகத்துக்குப் போனால் அந்தச் சாட்டு இல்லாமல் போகும்.

நான் ஆசைப்பட்டது பெரிய ஆசை இல்லை, எம்மா. என் பிள்ளை ரயிலில் ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். குழந்தை பிறந்தால் நான் தூக்க வேண்டும். வேறு என்ன? நீங்கள் உங்கள் பிள்ளைகளைப் பதினெட்டு வயதில் அனுப்பிவிட்டு நத்தார்ப் பண்டிகைக்கு மெழுகுதிரி ஏற்றிக் காத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

கிருஷிகனைப் பாருங்கள். தாய் இல்லை. தகப்பன் கனடாவில் இரண்டாம் கலியாணம் செய்து, மூத்தவன் ஒருவன் இருந்ததை மறந்துவிட்டார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறவன். மின்வேலை பழகுகிறான். ஒஸ்லோவை விட்டுப் போக அவனுக்குப் போக்கிடம் இல்லை. மாமியார் இல்லாத மாப்பிள்ளையைக் கடவுள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் அனுப்புவார். அவனைத் தவறவிடுகிறவளைப் பிறகு கடவுளே மதிக்கமாட்டார்.

ஒரேயொரு சிக்கல். அவன் லில்லெஸ்ட்ரோமின் தங்கம். தங்கத்தை யாரும் மாற்றுக்கு விடமாட்டார்கள். கொஞ்சம் கறுத்துப் போனால்தான் விடுவார்கள். கொஞ்சம் கறுத்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது பேனாவை எடுக்கிறீர்கள். நல்லது.

கோடையில் தமிழ்க் கழகங்களின் ஞாயிற்று ஆட்டங்கள் ரொம்மன் மைதானத்தில்தான் நடக்கும், குசினி எங்களிடம் இருப்பதால். எங்கள் குசினிக்கு ஒரு சட்டம் உண்டு: வந்த அணிக்கு முதலில். எதிரி என்றாலும் விருந்தாளி. நாங்கள் கையால் எடுத்துக் கொடுப்போம், அவர்கள் கையால் வாங்குவார்கள். எங்கள் பிள்ளைகள் நடுவரை ஏசுவார்கள், பயிற்றுநருக்கு முகத்தைத் திருப்புவார்கள், ஆனால் ஒரு அன்ரி தருகிற கோப்பையை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்தக் கதை அன்று பின்னேரமே அவர்களின் வீட்டுக்குப் போய்விடும். அப்படி வளர்த்திருக்கிறோம்.

நான் மல்லிக்கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். மல்லியும் வேர்க்கொம்பும் வறுத்து இடித்தது, சீனி போட்டாலும் கைப்பு நிற்கும். கிருஷிகனுக்கு மட்டும் என் கையால். பூவரும்பும் காலத்தில் எனக்குக் கண்ணெல்லாம் வீங்கும், அதற்கு வைத்தியர் குளிசை எழுதித் தருவார். பழைய வகைக் குளிசை, போட்டால் நித்திரை வரும். அதில் பாதி.

இந்த மொழிபெயர்ப்புத் தம்பி என்னை நிறுத்தி, "குளிசைன்னா மாத்திரைதானே மேடம்?" என்று கேட்கிறார். ஓம் தம்பி, மாத்திரைதான். நீங்கள் எப்படிச் சொன்னாலும் வயிற்றுக்குள் போய் அது ஒரே வேலையைத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எழுதுங்கள். நான் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு மருந்தும் எடுக்கவில்லை. எல்லாம் என் பெயரில் எழுதியது. நான் களவெடுக்கிற ஆள் இல்லை.

அவன் மெல்ல மெல்ல மங்கினான். அதற்குக் காரணம் கண்டுபிடிக்க எங்கள் சனம் அரை ஞாயிறுகூட எடுக்கவில்லை. கண்ணூறு. அவ்வளவு வடிவாக விளையாடினால் கண்ணூறு படாமல் என்ன செய்யும்? யாருடைய கண் என்பதில்தான் கருத்து வேறுபாடு. எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி எரித்தார்கள். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு வீட்டில் புகை அறிவிப்பு மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்தது. கடைசியில் கோயிலில் மந்திரித்த நூல் ஒன்றை அவன் கையில் கட்டச் சொன்னார்கள். தாய் இல்லாத பிள்ளைக்கு யார் கட்டுவது? நான் கட்டினேன். கட்டும்போது உண்மையாகவே அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் பிந்தி.

அவன் வைத்தியரிடமும் போனான். களைப்பாக இருக்கிறது என்று சொன்னான். உங்கள் வைத்தியர் விற்றமின் டி குறைவு என்றார். இந்த நாட்டில் எங்கள் நிறத்தோடு போய் நின்றால், கால் முறிந்திருந்தாலும் விற்றமின் டிதான். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் எனக்குப் பெரிய உதவி.

இப்படித்தான் அவன் விலை இறங்கியது. இறங்கிய பிறகும் லில்லெஸ்ட்ரோம் தலைவர் பேரம் பேசினார் என்பது அவர்களின் குணம்.

அவன் எங்கள் வீட்டுக் கீழ்த்தள அறைக்குக் குடிவந்தான். அன்றோடு நான் நிறுத்திவிட்டேன். நீங்கள் இதை நம்ப வேண்டும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பிறகு எதற்கு? ஒரு மாதத்துக்குள் அவன் பழையபடி ஆனான். கால் திரும்பிவிட்டது என்று குசினிக்குள் வந்து பந்தைத் தலையில் தட்டிக் காட்டினான், என் சீனிப் போத்தலை உடைத்தான். இலையுதிர்காலத்தில் இரண்டு ஆட்டங்களில் அவன் ஆடியதைப் பார்த்து முத்துசாமிகூடத் தன் படத்தைச் சுருட்டி வைத்தார். அபிஷா அவனோடு இருந்து சீட்டுக் கடதாசி விளையாடினாள், அவன் கள்ளம் விட்டான், அவள் சிரித்தாள். நான் கலியாண மண்டபங்களின் பெயர்களை யோசித்தேன்.

அப்போதுதான் மேற்குக் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு நொர்வீஜியக் கழகத்து ஆள் வந்து மைதான ஓரத்தில் நின்றார். நல்ல மேலங்கி. கிருஷிகனைத் தங்களிடம் வந்து ஆடிக் காட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

"அன்ரி, எடுத்தாங்கள் எண்டால் அங்கையே இருக்கவேணும்," என்றான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். அப்படி ஒரு வெளிச்சம். "வேலையும் அங்கை பாக்கலாமாம்."

"நல்லது தம்பி," என்றேன். "நாளைக்கு வேலைக்குச் சாப்பாடு நான் கட்டித் தாறன். நீ பாணுக்குள்ளை சீஸ் வைச்சுத் தின்னுறதைப் பாக்க எனக்கு வயிறு எரியுது."

அதன் பிறகு நாள்தோறும் கட்டிக் கொடுத்தேன். புட்டு, கோழிக்கறி, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நிறைய மல்லிக்கோப்பி. அவன் அந்தத் தேர்வாட்டத்துக்குப் போனான். பந்தை வாங்கத் தெரியாத ஒருவனைப் பார்த்துவிட்டு, மேலங்கிக்காரர் மரியாதையாகக் கை கொடுத்து அனுப்பினார்.

இப்போது விளங்குகிறதா, எம்மா? ரொம்மன் கூடுதலாகக் கொடுத்துவிட்டது என்று ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்க எனக்கு நிம்மதி. ஊர் சிரிக்கிற சாமானை யாரும் கேட்டு வரமாட்டார்கள். என் கணவர் கூனிக் குறுகிப் போனார், அது கவலைதான். அவருக்கு இரவுச் சாப்பாட்டோடு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்துக் கொடுத்தேன்.

"எனக்குக் கால் சொல்வழி கேக்குதில்லை, அன்ரி," என்று கிருஷிகன் ஒருநாள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சொன்னான். "நான் உங்களுக்கெல்லாம் வெக்கத்தைத் தேடித் தந்திட்டன்."

"விசர்க்கதை கதையாதை. நீ எங்கட பிள்ளை," என்றேன். தலையைத் தடவினேன். அது நடிப்பு என்று எழுதாதீர்கள். நடிப்பு இல்லை.

மார்கழியில் ஒரு காலை, சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு கதவடியில் நின்று, "வாறன் அம்மா," என்றான். வாய் தவறித்தான். காது சிவந்துபோய் ஓடிவிட்டான். நான் அன்று குசினியில் நின்று அழுதேன். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு இவனை எங்கேயும் போகவிட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து பாதி முழுதாயிற்று.

தை மாதத்தில் அவன் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு கட்டடத்தில் கூரைக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஏணியிலிருந்து விழுந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இடுப்பும் முதுகெலும்பும். நடப்பான் என்கிறார்கள், தடி பிடித்து. ஆட்டம் இனி இல்லை.

வைத்தியசாலையில் இரத்தம் பார்த்தார்கள். அவன் எடுக்காத மருந்து அதில் இருந்தது. வேலைத்தளத்தில் போதையில் நின்றான் என்று பேச்சு எழுந்தது, அவன் தொழில் பழகிய நிறுவனம் அவனை நிறுத்திவைத்தது. எங்கள் சனத்துக்கு அப்போதுதான் எல்லாம் வெளித்தது. "போதைக்காரனுக்கே லதீசனைக் குடுத்தனீங்கள்?" என்று என் கணவரிடம் கேட்டார்கள். கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் வெட்டியவர்கள் தங்கள் எலுமிச்சம்பழத்துக்காக வருந்தினார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் அவனுக்கு என்ன ஆறுதல் வந்திருக்கும்? அவனுக்கு ஒரு தாய் தேவைப்பட்ட நேரம் அது. நான் கட்டிலடியில் போய் இருந்து கையைப் பிடித்தேன்.

"தம்பி, நீ என்னத்தைப் பாவிச்சிருந்தாலும் நாங்கள் உன்னைக் கைவிடமாட்டம்."

"நான் ஒண்டும் பாவிக்கேல்லை, அன்ரி." அவன் அழுதான். "ஒருத்தரும் நம்பினம் இல்லை. நீங்களாவது நம்புங்கோ."

"நம்புறன்," என்றேன். அவன் சொல்வது உண்மை என்று இந்த ஒஸ்லோவில் சந்தேகமே இல்லாமல் நம்பிய ஒரே ஆள் நான்தான். அதற்காகவாவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதலாம்.

அபிஷாவும் அவனைப் பார்க்கப் போனாள். இரத்தத்தில் இருந்த மருந்தின் பெயரை அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அன்று பின்னேரம் அவள் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். அதிலிருந்து பனி கரைந்து நிலமெல்லாம் தண்ணீர்.

"மம்மா, உங்கட ஒவ்வாமைக் குளிசைப் பெட்டி எங்கை?"

"முடிஞ்சுது பிள்ளை."

"முடிஞ்சுதோ? வெளியிலை முழங்கால் அளவு ஸ்னோ கிடக்கு. எந்த மரம் பூத்திருக்கெண்டு போட்டு முடிச்சனீங்கள்?"

நான் நிலத்தைத் துடைக்கத் துணி எடுத்தேன்.

"நிலத்தை விடுங்கோ. மம்மா, என்ரை முகத்தைப் பாருங்கோ. அந்தக் கோப்பியிலையோ?"

"உனக்காகத்தான்," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

"எனக்காகவோ? நான் கேட்டனானோ? நான் ரிசாந்தைத்தான் கட்டுவன் எண்டு கிருஷிக்கு எப்பவோ தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அப்போதுதான் அது எனக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் லில்லெஸ்ட்ரோம் பெண்பிள்ளைகளுக்குப் பந்து பழக்கப் போவதாகச் சொல்லிப் போனாள். நாங்கள் கொடுத்த ஞாயிறு மாலையில், நாங்கள் கொடுத்த மண்டபத்தில், நாங்கள் கொடுத்த ரிசாந் அங்கே இருந்தான். மாரி முழுவதும், சூடாக, மழை பனி படாமல். அவள் கிருஷிகனோடு கடதாசி விளையாட இருந்ததும் அதை அவனிடம் சொல்லத்தான்.

அவள் உங்களிடம் வந்தது எனக்குக் கோபமில்லை. நான் வளர்த்த பிள்ளை, நேர்மையாகத்தான் நடப்பாள்.

என் கணவருக்கு நானே சொன்னேன். சமையலறைக் கதிரையில் இருந்து, முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்ப நான் கூடக் குடுக்கேல்லை," என்றார். "அவன் நல்ல ஆட்டக்காரன்தான். நான் சரியாத்தான் மதிச்சனான்." அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது போலும். வாயைப் பொத்திக்கொண்டார். மேலங்கியை எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார். இன்றுவரை அங்கேதான், அவன் கட்டிலடியில். என்னோடு தொலைபேசியிலும் கதைப்பதில்லை. கழகத்தில் அவரை மறுபடியும் தலைவராக்கிவிட்டார்கள் என்று பூமணி சொன்னாள். கிருஷிகனுக்குக் கொடுத்தது நியாயமான விலைதான் என்று பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்களாம். முத்துசாமி புதுப் படம் போட்டுக் காட்டினாராம். எங்கள் சனம் பிழையை ஒத்துக்கொள்ளத் தயங்காதவர்கள்.

ஓம், நீங்கள் கேட்டபடிதான் நடந்தது. மல்லிக்கோப்பியில் குளிசை போட்டது நான். கோடையிலும் நான், மாரியிலும் நான். கண்ணூறு என்று கையில் நூல் கட்டியது நான். அவனைப் போதைக்காரன் என்றபோது பேசாமல் இருந்ததும் நான். வேறு யாருக்கும் தெரியாது. கையெழுத்து எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

அபிஷா போய்விட்டாள் என்று சொன்னீர்கள். ரிசாந்தோடு துரொம்சோவுக்கு. என்னிடம் முகவரி கொடுக்க வேண்டாம் என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். சரி. அங்கே இப்போது சூரியன் திரும்பியிருக்கும், ஆனாலும் அவளுக்குக் காது குளிரும், தொப்பி போடமாட்டாள்.

திரும்ப ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் எதை வேறு விதமாகச் செய்வீர்கள் என்று கேட்கிறீர்கள். நான் இதைச் சாட்டுக்குச் சொல்லவில்லை, இந்த அறையில் இருந்து நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். ரிசாந்தைக் கொடுத்தது சரி. லதீசனைக் கொடுத்ததும் பரவாயில்லை. அந்த மண்டபத்தைக் கொடுத்திருக்கக் கூடாது, எம்மா. அதில்தான் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம்.